கூலி உழவரும் தொழில் விபத்தும்

மதுரை மாநகரின் தென்பாலுள்ள வில்லாபுரத்தைக் கடந்து அவனியாபுரம் வழியே தெற்கு நோக்கிச் செல்வோமாயின், வீடுகள் மெல்லக் குறைந்து வயல்களும் கண்மாய்களும் புலனாகும். அவ்வயல்களில் நாற்று நடுவோரும் களையெடுப்போரும் பெரும்பாலும் நிலமுடையோர் அல்லர், கூலிக்கு வந்தோரே. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, நம் தமிழ்நாட்டிற் பயிரிடுவோர் ஏறத்தாழ 42 இலட்சம் பேர். வேளாண் கூலியாட்களோ ஏறத்தாழ 96 இலட்சம் பேர்.

சுரங்கம், கட்டடம், உழவு ஆகிய மூன்றும் இடர் மிக்க தொழில்கள் என்பது பன்னாட்டுத் தொழில் அமைப்பின் துணிபு. அங்ஙனமிருந்தும், வயலில் ஒருவன் கையிழப்பின் அதனைத் தலைவிதி என்று கூறி நாம் அமைந்துவிடுகின்றோம். அது விதிதானோ, அன்றி நீக்கத்தக்க காரணங்களின் விளைவோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற் காரணம் இடம் அறியாமை. தன் நிலத்தில் உழைப்பவன், எந்த வரப்புத் தளர்ந்துள்ளது, எந்தப் புதரிற் பாம்பு தங்கும் என்பவற்றை நன்கறிவான். இன்று ஒருவர் வயலிலும் நாளை மற்றொருவர் வயலிலும் உழைப்பவன் அவற்றை அறியான். கைப்பிடிச் சுவரற்ற கிணறு புல்லில் மறைந்து கிடக்குமாயின், அந்தி மயங்கும் வேளையில் அதன் விளிம்பு அவன் கண்ணுக்குத் தோன்றாது.

இரண்டாவது விரைவு. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி வேலையை ஒப்புக்கொள்ளுங்கால், விரைந்து முடிப்பவர்க்கே ஊதியம் மிகும். ஆதலின் உச்சிவெயிலிலும் அவர் இளைப்பாறார்; நீர் பருகவும் நில்லார். உடற்சூடு ஏறி மயக்கம் வருதலும், களைத்த கையிற் கருக்கரிவாள் தவறுதலும் இதனால் நிகழ்வன.

மூன்றாவது எந்திரம். கதிரடிக்கும் எந்திரத்தின் ஊட்டுவாய் போதிய நீளமும் மேல்மூடியும் உடையதாயின், ஊட்டுவோன் கை உள்ளே சுழலும் உருளையை எட்டாது. இத்தகைய காப்பினை வற்புறுத்தவே 1983-ஆம் ஆண்டில் அபாயகரமான எந்திரங்கள் பற்றிய சட்டம் இயற்றப்பெற்றது. ஆயினும், மூடி கழன்ற எந்திரத்தின்முன் நிறுத்தப்பட்ட கூலியாள் யாது செய்வான்? மறுத்துரைப்பின் மறுநாள் வேலை இல்லை.

நான்காவது நஞ்சு. பூச்சிமருந்துகளுட் பல, மூச்சின் வழியே மட்டுமன்றித் தோலின் வழியாகவும் உடலிற் புகுவன. முதுகிற் சுமந்த தெளிப்பான் கசியுமாயின், வியர்வையில் நனைந்த சட்டையே நஞ்சைத் தாங்கித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 2017-ஆம் ஆண்டில் மராட்டிய மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து தெளித்த உழவரும் கூலியாட்களுமாக இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். திருமங்கலம் பக்கத்துக் கரிசலிற் பருத்தி விளைவிக்கும் நமக்கு அது தொலைவூர்ச் செய்தி அன்று.

இந்நான்கினையும் ஒருங்கே நோக்கின், அவற்றின் வேர் ஒன்றே என்பது விளங்கும். இடரை ஏற்பவனுக்கு அதனை நீக்கும் அதிகாரம் இல்லை. நீக்கும் அதிகாரம் உடையவனுக்கு அவ்விடர் நேர்வதில்லை. கூலியாளின் கவனக்குறைவு என்று நாம் எளிதிற் கூறுவது பெரும்பாலும் இவ்வேறுபாட்டின் மறுபெயரே.  

இனி, நிலமுடையோர் செய்யத்தக்கன யாவை? கிணற்றுக்குச் சுவர் எழுப்புக. வேலை தொடங்குமுன் இடர் உள்ள இடங்களைக் காட்டுக. வெயில் வேளையில் நிழலும் நீரும் ஓய்வும் அளித்து, ஓய்வுக்காகக் கூலியைக் குறையாதிருக்க. மருந்து தெளிப்போர்க்குக் கையுறையும் முகமூடியும் மாற்றுடையும் நல்குக. காற்றுக்கு எதிரே தெளிக்க விடற்க. பாம்பு தீண்டின், கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், உறுப்பை அசையாது வைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்க. இவற்றுட் பெருஞ்செலவு உடையது சுவர் ஒன்றே.

குழியை வெட்டி மூடாது விட்டவன், அதில் வீழ்ந்து மடிந்த மாட்டுக்கு ஈடு செலுத்தக் கடவன் என்பது யாத்திராகமத்திற் கண்ட மோசேயின் பிரமாணம். மாட்டுக்கே அவ்வாறாயின், மனிதனுக்கு எத்துணை! நம் மாணவருட் பலர் நிலமுடைய இல்லங்களினின்று வந்தவர். விடுமுறைக்குச் செல்லுங்கால், தம் வயற்கிணற்றுக்குச் சுவர் உளதோ என்று ஒருமுறை சென்று காண்பாராக. இல்லையெனின், தந்தையாரிடம் எடுத்துரைத்தல் அவர் கற்ற கல்வியின் முதற்பயன் ஆகும்.