ஒரு ரிசீவரும் பல தொலைக்காட்சிப் பெட்டிகளும்

ஓர் இல்லத்தில் இரண்டு மூன்று தொலைக்காட்சிப் பெட்டிகள் இருத்தல் இந்நாளில் புதுமையன்று. கூடத்தில் ஒன்று, உள்ளறையில் ஒன்று, முதியோர் இருக்கும் அறையில் ஒன்று எனப் பெட்டிகள் பெருகிய பின்னும், மாடியில் நிற்கும் டிஷ்ஷும் கூடத்திலுள்ள ரிசீவரும் பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே இருக்கின்றன. அவ்வொரு ரிசீவரைக் கொண்டு எல்லாப் பெட்டிகளையும் இயக்கக் கூடுமோ எனப் பலரும் வினவுவர். ஒருவகையால் கூடும், மற்றொருவகையால் கூடாது. இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண், ஒளிபரப்பு நம் இல்லம் வந்து சேரும் வழியை அறிதல் வேண்டும். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அத்துணைத் தொலைவினின்று வரும் அலைகள் மிக நலிந்தவை. டிஷ் அவற்றைக் குவித்து, தன் முகப்பிலுள்ள எல்.என்.பி. என்னும் சிறு கருவிக்கு அளிக்கிறது. பொதுவகை எல்.என்.பி. ஏற்கும் அலைகளின் அதிர்வெண் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையாம். இவை கேபிள் வழியே செல்லின் விரைவில் தேய்ந்துபோகும். ஆதலின் எல்.என்.பி. அவற்றை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளாகத் தாழ்த்திக் கீழே அனுப்புகிறது.

இங்கே கருதற்பாலது ஒன்றுண்டு. செயற்கைக்கோளின் அலைகள் நெடுக்கு, கிடை என்னும் இருவகை அதிர்வுத் தளங்களில் வருவன. ஒவ்வொன்றிலும் தாழ்பகுதி, உயர்பகுதி என இரு பிரிவுகள் உள. இந்நான்கும் ஒருங்கே ஒரு கேபிளில் அடங்கா. எது வேண்டும் என்பதை ரிசீவரே அக்கேபிள் வழியாக எல்.என்.பி.க்கு உணர்த்துகிறது. 13 வோல்ட் மின்னழுத்தம் சென்றால் நெடுக்கு. 18 வோல்ட் சென்றால் கிடை. உடன் 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பும் சேர்ந்தால் உயர்பகுதி. இங்ஙனம் வந்த கால்பங்கினின்று நாம் விரும்பிய ஒரு சேனலை மட்டும் பிரித்தெடுத்து, படமும் ஒலியுமாக்கிப் பெட்டிக்குத் தருவதே சாதாரண ரிசீவரின் தொழில்.

இனி, ரிசீவரினின்று வெளிப்படும் படத்தைப் பல பெட்டிகளுக்குப் பகிரும் வகைகளைக் காண்போம். பல ரிசீவர்களில் ஹெச்.டி.எம்.ஐ. வாயும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறமுடைய ஏ.வி. வாய்களும் இருக்கும். இரண்டும் ஒருங்கே இயங்கும் ரிசீவராயின், ஒரு பெட்டியை முன்னதிலும் மற்றொன்றைப் பின்னதிலும் இணைத்தல் எளிது. பெட்டிகள் மிகுமாயின், மின்சாரத்தால் இயங்கும் ஹெச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் வேண்டும். அறைகள் தொலைவிலிருப்பின், ஏ.வி. படத்தை மாடுலேட்டர் என்னும் கருவியால் ஆண்டெனா அலையாக்கி, 75 ஓம் கோயாக்சியல் கேபிளில் அனுப்பிக் கிளைகளாகப் பிரிக்கலாம். அவ்வலையை ஏற்கும் டியூனர் பெட்டியில் இருத்தல் வேண்டும்.

கேபிளைப் பிரிக்குங்கால் வலிமை குன்றும். இருகிளை ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு கிளைக்கும் பாதி ஆற்றலே செல்லும். இது 3 டெசிபெல் இழப்பு. நடைமுறையில் இழப்பு ஏறத்தாழ 3.5 டெசிபெல் ஆகும். நாற்கிளையில் 7 டெசிபெல் வரை. இவ்விழப்பை ஈடுசெய்யப் பெருக்கியை ஸ்பிளிட்டருக்கு முன்னரே வைத்தல் வேண்டும். பின்னர் வைப்பின், நலிந்த படத்தோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். பயன்படாத கிளையின் வாயை 75 ஓம் மூடியால் அடைத்தலும் நன்று; இல்லையேல் அலை அங்கே மோதித் திரும்பிப் படத்தைக் கெடுக்கும். மேலும், பெரும்பாலான ரிமோட்டுகளின் அகச்சிவப்பு ஒளி சுவரை ஊடுருவாது. ஆதலின் உள்ளறையிலிருந்து சேனலை மாற்ற விரும்புவோர், அவ்வொளியைக் கூடத்திற்குக் கடத்தும் துணைக்கருவி ஒன்றை அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

இத்துணையும் செய்தபின்னரும் ஒரு குறை நீங்காது. ஏரி மதகினின்று புறப்பட்ட நீர் எத்தனை வாய்க்காலிற் பிரிந்தாலும் அந்நீரே ஆவதுபோல, ஒரு ரிசீவர் எத்தனை பெட்டிகளுக்கு ஊட்டினும் எல்லாவற்றிலும் தோன்றுவது ஒரே காட்சியே. ஸ்பிளிட்டர் வலிமையைப் பகுக்குமேயன்றித் தெரிவைப் பெருக்காது.

இது பொழுதுபோக்கு அளவில் நிற்பதன்று. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் பள்ளிகள் அடைபட்டபோது, பி.எம். ஈவித்யா திட்டத்தின்கீழ், 1 முதல் 12 வரையுள்ள வகுப்புக்களுக்கு வகுப்பொன்றுக்குச் சேனலொன்றாக 12 கல்விச் சேனல்கள் வகுக்கப்பெற்றன. மாதக் கட்டணமில்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் வழியாகவும் அவை கிடைத்தன. எட்டாம் வகுப்புச் சிறுவனும் பத்தாம் வகுப்புச் சிறுமியும் உள்ள இல்லமொன்றை எண்ணுக. ஆங்கு பெட்டிகள் இரண்டிருந்தும் ரிசீவர் ஒன்றேயாயின், ஒருவர் பாடம் நடக்கையில் மற்றவர் காத்திருத்தலன்றி வேறு வழியில்லை.

அற்றேல் செய்வது யாது? டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையே சாதாரண ஸ்பிளிட்டரால் பிரித்து இரண்டாம் ரிசீவருக்குத் தரலாமெனச் சிலர் கருதுவர். ஒரு ரிசீவர் 13 வோல்ட்டும் மற்றது 18 வோல்ட்டும் அனுப்பின், எல்.என்.பி. உயர்ந்த அழுத்தத்திற்கே இணங்கும். மற்றவரின் திரை வெறுமையாகும். ஆதலின் இரட்டை வாயுடைய எல்.என்.பி.யை அதே டிஷ்ஷில் பொருத்தி, இரு கேபிள்களைத் தனித்தனியே இரு ரிசீவர்களுக்கு இறக்குதலே தக்க முறை. புதிய டிஷ் வேண்டுவதில்லை. இலவச ஒளிபரப்பாயின் கருவிகளின் விலையும் பொருத்தும் கூலியுமே செலவாம். கட்டண ஒளிபரப்பாயின் இரண்டாம் இணைப்பிற்குத் தனிக் கட்டணம் உண்டு.

இவ்வேலைகளைத் தொடங்குமுன் ரிசீவரின் மின்னிணைப்பை நீக்குதல் இன்றியமையாதது. கேபிளின் நடுக்கம்பியில் வோல்ட் ஓடுகையில் அது வெளிவலையைத் தொடின் கருவி பழுதுபடக்கூடும்.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் இல்லத்தார் தம்முள் தெளியவேண்டியது ஒன்றே: யாவரும் ஒரே காட்சியை வெவ்வேறு அறைகளிற் காண விரும்புகின்றனரா, அன்றி ஒரே வேளையில் வெவ்வேறு காட்சிகளை விரும்புகின்றனரா? முன்னதற்கு ஸ்பிளிட்டர் போதும். பின்னதற்கு ரிசீவர் மற்றொன்று வேண்டும். இவ்வேறுபாட்டை நம் மாணவர் தம் இல்லத்தார்க்கும் அயலார்க்கும் விளக்குவாராயின், வீண்செலவும் மனத்தாங்கலும் குறையும் என்பது திண்ணம்.