தோட்டத்துப் பொதுப்பணத்தை எங்கே வைப்பது?

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், சந்தைக் கடைகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் பெயர்பெற்ற கியா பார்மையும், அதனையடுத்துச் சுங்கை பாலாஸ் பக்கமாகப் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களையும் சார்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே, யாருக்கும் தனியுடைமை ஆகாத ஒரு பணம் எப்பொழுதும் புழங்கிக்கொண்டிருக்கிறது. கோயில் திருவிழாவுக்குத் திரட்டும் வரி, மரணம் நேர்ந்த வீட்டிற்கு அன்றைக்கே கொடுக்கவேண்டிய சகாயம், பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவி, அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளும் கூட்டுச் சேமிப்பு என்று அதற்குப் பல உருவங்கள் உண்டு. இந்தப் பணத்தை எந்த அமைப்பின் பொறுப்பில் வைப்பது என்று ஆலோசிக்கும்போது, எங்கே வட்டி அதிகம், எங்கே சிரமம் குறைவு என்ற கேள்விகளையே நம்மவர் முதலில் கேட்கிறார்கள். கணக்கு எங்கே என்று கேட்கும் உரிமை எவருக்கு உண்டு, கேட்டால் காட்டியே தீரவேண்டிய கடமை எவருக்கு உண்டு என்பதையே முதற் கேள்வியாகக் கொள்ளவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நெடுங்காலமாகத் தோட்டங்களில் வழங்கிவந்த முறை, நம்பிக்கையான ஒருவரிடம், அவர் கங்காணியாகவோ கிராணியாகவோ கோயில் தலைவராகவோ இருக்கலாம், பணத்தை ஒப்படைத்துவிடுவதாகும். அப்படி ஒப்படைக்கப்பெற்றவர்களில் பெரும்பாலோர் ஒரு காசும் தொடாத உத்தமர்களாகவே இருந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் இம்முறையின் குறை அவர்களுடைய நாணயத்தில் இல்லை. பொதுப்பணம் அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் கிடக்கும்போது அவர் காலமாகிவிட்டால், சட்டத்தின் கண்ணுக்கு அது அவருடைய ஆஸ்தியே. வாரிசுகள் பத்திரம் பெறும்வரை கணக்கு முடங்கிக் கிடக்கும். பிறகும், இன்ன தொகை ஊருடையது என்று நிரூபிக்கவேண்டிய பாரம் ஊரின்மேல் விழும். நல்லவர் ஒருவரின் பெயருக்கு அவர் மறைந்தபின் களங்கம் வராமல் காக்கவேனும் இம்முறையைக் கைவிடவேண்டும்.

மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் கூட்டு, பெண்கள் பலருக்கு ஒரே சேமிப்பாக இருந்துவந்திருக்கிறது. ஆனால் கூட்டு நடத்துவதையே தொழிலாகக் கொள்வதை மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. முதலில் எடுத்தவர் பிறகு கட்டாமற் போனால் நியாயம் கேட்க இடமில்லாத இந்த ஏற்பாட்டில், கோயில் பணத்தையோ மரணச் சகாய நிதியையோ ஒரு மாதங்கூட வைக்கலாகாது.

கோயிலுக்கும் மரணச் சகாயத்துக்கும் மிகவும் பொருத்தமானது, 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற சங்கமே. பதிவு கிடைத்தால் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறக்கலாம்; வங்கி வைப்புக் காப்புறுதிக் கழகத்தில் அங்கம் வகிக்கும் வங்கியாயின், வங்கி விழுந்தாலும் 2,50,000 வெள்ளி வரையில் பாதுகாப்பு உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் கணக்குகளைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பவேண்டும் என்ற கட்டாயம் இருப்பதனால், அசிரத்தையான நிர்வாகமும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பேரேட்டைத் திறந்து பார்க்க நேரிடுகிறது. காசோலையில் கையொப்பமிடும் இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கலாகாது என்பதைச் சங்க விதியிலேயே எழுதிவிடவேண்டும்; சிறிய ஊரில் இது சங்கடமான விதிதான், ஆனால் சிறிய ஊருக்குத்தான் இது மிகவும் அவசியம்.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழனின் காலத்தில், 919-லும் 921-லும் உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் குடவோலைத் தேர்தலையே புகழ்கிறார்கள். நான் அதனினும் மேலாக மதிப்பது அங்கே கணக்கரைக் குறித்துச் சொல்லப்பட்ட ஏற்பாட்டையே. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்திற்கு வரத் தகுதியற்றவர். கணக்கு எழுதியவர் தம் கணக்கைத் தாமே ஒப்புவிக்கவேண்டும், வேறொருவரைக் கொண்டு அதனை முடிப்பிக்கலாகாது. ஒப்புவித்துச் சுத்தர் என்று ஏற்கப்பட்ட பிறகே அவர் மீண்டும் அப்பதவிக்கு வரலாம். பழைய பொருளாளர் கோபித்துக்கொண்டு விலகிவிட, புதியவர் கையில் அரைகுறையான ரசீதுக் கட்டு ஒன்று வந்துசேரும் நிலையைப் பார்த்த எவருக்கும், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்தச் சபையாரின் தீர்க்கதரிசனம் விளங்கும்.

சேமிப்பும் கடனுமே நோக்கமாயின் கூட்டுறவுச் சங்கம் மேலானது. கூட்டுறவுச் சிந்தனைக்குச் சட்ட உருவம் பகாங் உட்பட்ட மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1922-லேயே வந்துவிட்டது. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு என்ற நியதி, கொழுந்து கிள்ளும் பெண்ணையும் கடை முதலாளியையும் பொதுக்கூட்டத்தில் சமமாக அமர்த்துகிறது. சுதந்திரத்தையொட்டி ஐரோப்பிய முதலாளிகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட, தொழிலாளர் வேலையையும் லயத்தையும் ஒருங்கே இழந்து நின்றபோது, 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கைப் பெறுமாறு தோட்டந்தோறும் போய் வேண்டினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அந்தப் பணத்தில் முதலில் வாங்கப்பட்டது. சம்பளத்தில் மிச்சம் பிடிக்கவே முடியாதவர்கள் என்று கருதப்பட்ட மக்கள், தாம் பால்வெட்டிய நிலத்திற்கே உடைமையாளராகலாம் என்பதை அது பிரத்தியட்சமாகக் காட்டிற்று.

ஆனால் கூட்டுறவு என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது. 1986-இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் முடக்கப்பட்டபோது, நாடெங்கும் இலட்சக்கணக்கானவர்கள் தங்கள் பணத்திற்காக வாசலில் நின்றார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் போடும் வைப்புக்கு நான் மேலே குறித்த காப்புறுதி கிடையாது. ஆகவே சேரு முன்னர், மலேசியக் கூட்டுறவு ஆணையத்தின் பதிவு உண்டா, சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கை எங்கே, கடன் வாங்கியவர்களில் நிர்வாகிகள் எத்தனை பேர் என்ற மூன்றையும் கேட்கவேண்டும். மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிப்பார்களேயானால் அங்கே சேரவேண்டாம்.

பங்கு நிறுவனத்தைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேசவேண்டியிருக்கிறது. மலேசிய இந்தியர் காங்கிரசின் முயற்சியால் 1982-இல் எழுந்த மைக்கா ஹோல்டிங்ஸ், ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 10 கோடியே 60 இலட்சம் வெள்ளியைத் திரட்டியது. திரட்டிய வேகத்தில் நம் மக்களின் ஆவலும் ஏக்கமும் தெரிந்தன. 1990-இல் டெலிகோம் பங்குகளில் சமூகத்திற்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு கோடியில் மைக்காவுக்கு வந்தது பத்து இலட்சமே என்பது பின்னர் வெளிப்பட்டுப் பெருஞ் சர்ச்சையாயிற்று. கடைசியில் 2010-இல் ஒரு தனியார் நிறுவனம் பங்கொன்றுக்கு 80 சென் கொடுத்து வாங்க முன்வந்தது. ஒரு வெள்ளி போட்டு இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தவருக்கு அதுவே மிச்சம். நிறுவனத்தில் வாக்கு பங்கைப் பொறுத்தது. நூறு பங்கு வைத்திருக்கும் தோட்டத் தொழிலாளி தலைநகரில் நடக்கும் கூட்டத்திற்குப் போய்வருவதற்குள் ஒரு நாட் கூலியும் பஸ் சத்தமும் கரைந்துவிடும். உபரிப் பணத்தை ஒருவர் தம் சொந்தப் பொறுப்பில் அங்கே முதலிடலாம், ஊர்ப்பணத்தை முதலிடலாகாது.

கேமரன் மலையைப் பொறுத்தவரை இன்னொரு சூழ்நிலையும் கவனிக்கத்தக்கது. கொழுந்து கிள்ளும் வேலையில் இன்று அந்நிய நாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டார்கள். நம்மவரின் பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போய், திருவிழாவுக்கு அங்கிருந்தே பணம் அனுப்புகிறார்கள். பொதுக்கூட்டத்தில் வந்து உட்கார இயலாத இவர்களும் கொடுத்தவர்களே. ஆதலால் எந்த அமைப்பைத் தேர்ந்தாலும், வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, வங்கி அறிக்கையின் நகலுடன் கோயில் சுவரில் ஒட்டுவதோடு நில்லாமல், பணம் அனுப்பிய ஒவ்வொரு வீட்டிற்கும் கைப்பேசி வழியாகத் திருவிழா முடிந்த ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிடவேண்டும். தணிக்கையாளர் இருவரில் ஒருவரையாவது மலையைவிட்டு இறங்கிய அந்தப் பிள்ளைகளிலிருந்து, பொருளாளருக்கு உறவில்லாத, கணக்கு வேலை பார்த்துப் பழகிய ஒருவராகத் தேர்ந்துகொள்வது உத்தமம். அவர் ஊருக்கு வரும் தீபாவளி விடுமுறையையே புத்தகங்களைப் பரிசோதிக்கும் நாளாகக் குறித்துவிட்டால் தனிச் செலவும் இராது.