மாற்றிக் கொடுத்த போன் புதுசுதானா?

சிவகாசிக்காரர்களிடம் பளபளக்கும் பெட்டியைக் காட்டி ஏமாற்றுவது கஷ்டம். காலண்டர், லேபிள், பட்டாசுப் பெட்டி என்று ஆஃப்செட் மெஷினோடு வளர்ந்த ஊர் அது. எந்தப் பெட்டியையும் அச்சடிக்கலாம் என்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும்.

அங்குள்ள அச்சகத் தொழிலாளி ஒருவர் வாங்கிய ஐபோன் ஒரே வாரத்தில் மக்கர் செய்தது. கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். பெட்டியை ஓரம் வைத்துவிட்டு, முதலில் சிம் ட்ரேயை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே தண்ணீர் பட்டால் சிவக்கும் சின்ன அடையாளம் வெள்ளையாகவே இருந்தது. ஆனால் சார்ஜர் துளையின் விளிம்பில் மெல்லிய கீறல். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் என்று போய் மாடல் நம்பரைப் பார்த்தார். முதல் எழுத்து 'எஃப்'.

'எம்' என்றால் கடை விற்பனைக்கு வந்த புது போன். 'எஃப்' என்றால் புதுப்பித்தது. 'என்' சர்வீஸில் மாற்றிக் கொடுக்க வந்தது. இந்த 'என்' எழுத்தை வைத்து மட்டும் புதுசா பழசா என்று சொல்லிவிட முடியாது. ஐபோன் 15 முதல், பேட்டரியை முதலில் பயன்படுத்திய மாதமும் சார்ஜ் சுற்றுகளும் செட்டிங்ஸிலேயே தெரியும். பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றியிருக்கலாம் என்பதால் அதையே முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் இப்படி ஓர் எழுத்து கிடையாது. *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண், பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தடை செய்யப்பட்டதா, போலி எண்ணா என்பது தெரியும். புதுப்பித்ததா என்பதை அது சொல்லாது. அதற்கு ஸ்பீக்கர் வலையில் தங்கிய தூசியையும் திரை விளிம்பின் இடைவெளியையும் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

புதுப்பித்த போன் மட்டமானது என்பதில்லை. வாரண்டி விதிகளிலேயே அதற்கு இடம் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆப்பிள் அப்படிக் கொடுத்த மாற்றுக் கருவிகள் புதியவற்றுக்கு ஈடானவை அல்ல என்று அமெரிக்காவில் 2016-ல் வழக்குப் போட்டார்கள், 9.5 கோடி டாலர் சமரசத்தில் அது முடிந்தது. ஆனால் பழசைப் புதுசு என்று சொல்லிக் கொடுப்பது அநியாயம். நமது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புதுப்பித்த பொருளைப் புதியதாகக் காட்டுவதை முறையற்ற வணிகம் என்றே வரையறுக்கிறது. 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

அச்சகத் தொழிலாளி சண்டைக்குப் போகவில்லை. "இது புதுசா, புதுப்பிச்சதான்னு ரசீதுல எழுதிக் கொடுங்கண்ணே" என்றார். எழுதத் தயங்கிய கடைக்காரர், வேறு போனை எடுத்து வந்தார். அதிலும் மாடல் நம்பரைப் பார்த்து, திரையைப் படம் எடுத்துக்கொண்டு, புது ஐஎம்இஐ எண்ணைப் பழைய பில்லிலேயே எழுதிக் கடை முத்திரை வாங்கினார். அந்த எண் பில்லில் ஏறாவிட்டால், அடுத்த முறை வாரண்டி கேட்கும்போது பில் ஒரு போனுக்கு, கையில் இருப்பது வேறு போன் என்று ஆகிவிடும்.