ஃபில்லரைத் தாண்டி அனிமே பார்க்க: கேரள எல்லையோரத் தமிழ் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஜூன் மழை பிடித்துவிட்டால் மூணாறு, பூப்பாறைப் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குள்தான். சித்தூர், கொழிஞ்சாம்பாறையில் ஏப்ரல் வெயிலும் அப்படியே அடைத்துவைக்கும். 2022இல் சோனி யாய் சேனலில் 'நருட்டோ' தமிழிலும் வரத் தொடங்கியபின் இந்த நேரமெல்லாம் அனிமேவுக்குப் போகிறது. அதில் கதைக்கு வேண்டாததைக் கழிக்கச் சில வழிகள்:

1. ஃபில்லர் எப்படி வருகிறது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். மாங்கா எனும் மூலக் காமிக்ஸ் வாரத்துக்கு ஓர் அத்தியாயம், இருபது பக்கத்துக்குள். டிவியிலும் வாரம் ஓர் எபிசோட் என்றால் சீக்கிரமே மூலக்கதையை எட்டிப் பிடித்துவிடும். பிறகு ஸ்டுடியோ மூலத்தில் இல்லாத கிளைக்கதைகளைச் செருகும், அதுதான் ஃபில்லர். அல்லது ஒரே அத்தியாயத்தை மெகா சீரியல் போல இழுக்கும். செருகியதைத் தாண்டலாம். இழுத்ததை வெட்டத்தான் வேண்டும்.

2. 'நருட்டோ' மொத்தம் 220 எபிசோட். 135ஓடு நிறுத்தி நேரே 220க்குப் போங்கள். அதில் நருட்டோ பயிற்சிக்காக ஊரை விட்டுக் கிளம்புகிறான். அடுத்தது 'ஷிப்புடென்'. நடுவில் விட்ட 84 எபிசோடும் ஏறக்குறைய முழுக்க ஃபில்லர், சுமார் 32 மணி நேரம். மணிக்கு 0.7 ஜிபி என்றாலும் 22 ஜிபி மிச்சம். தினம் 1.5 ஜிபி ரீசார்ஜில் ஓடும் வீட்டுக்கு இது இரண்டு வார டேட்டா.

3. பார்க்க வேண்டிய எபிசோடுகளைப் பட்டியல் போடுங்கள், அதில் எண்ணோடு தலைப்பையும் எழுதுங்கள். சில ஓடிடி தளங்களில் ஒவ்வொரு சீசனிலும் எண் மறுபடி ஒன்றில் தொடங்கும்.

4. எல்லா ஃபில்லரையும் தள்ளிவிடாதீர்கள். 'நருட்டோ' 101இல் ஆசிரியர் ககாஷியின் முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க மாணவர்கள் படும் பாடு அருமையான நகைச்சுவை. 102 முதல் 106 வரை தேயிலை நாட்டில் நடக்கும் கதை. எஸ்டேட் பிள்ளைகளுக்குக் காட்டலாம். 'ஒன் பீஸ்' 196 முதல் 206 வரை வரும் கடற்படைத் தளக் கதையும் மூலத்தில் இல்லாததுதான், ஆனால் ரசிகர்கள் கொண்டாடுவது. அதை விட்டால் நஷ்டம்.

5. 'ப்ளீச்' பார்ப்பவர்கள் 64–108, 168–189, 230–265, 317–342 ஆகியவற்றைத் தாண்டலாம்.

6. 'ஒன் பீஸ்' நோய் வேறு. 1999இல் தொடங்கி 1,100 எபிசோடுக்கு மேல் போய்விட்ட தொடர் இது. டிரெஸ்ரோசா பகுதி மட்டும் 118. தனி ஃபில்லர் குறைவு, இழுவை அதிகம். அதனால்தான் 2013 முதல் 'ஒன் பேஸ்' என்ற ரசிகர் குழு மாங்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்கதையையும் திரும்பத் திரும்ப வரும் முகபாவங்களையும் வெட்டி, இசை அறுபடாமல் ஒட்டிவருகிறது. டிரெஸ்ரோசா அவர்கள் கையில் பாதிக்கும் கீழே இறங்கியது. கதைமேல் இருக்கும் அன்பால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது.

7. ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு அந்தக் கோப்புகளை நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் ஜப்பானியப் பேச்சு, அடியில் ஆங்கில எழுத்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படிப் படிக்கும்? பள்ளியில் மலையாளமே கேட்கும் பிள்ளைக்குத் தமிழ் டப்பிங் காதுக்குக் கிடைக்கிற நல்ல தமிழ் நேரம். அதை இழக்கக் கூடாது. உரிமம் பெறாத கோப்புகள் என்பதும் உண்டு. அந்தப் பெயரில் திரியும் போலித் தளங்களை ஜிபே இருக்கிற போனில் திறக்கவே வேண்டாம். பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழ் ஒலியில், ரிமோட்டால் தாண்டுங்கள். தொடக்கப் பாட்டும் முன்கதையும் போனாலே எபிசோடுக்கு மூன்று நான்கு நிமிடம் மிச்சம்.

8. நிறுவனமே வெட்டிக் கொடுத்ததும் உண்டு. 'டிராகன் பால் இசட்'டில் செல் என்ற வில்லனின் கதை முடிய 194 எபிசோட். 2009இல் டோய் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய 'டிராகன் பால் இசட் கை' அதே கதையை 98இல் முடித்தது. கிடைத்தால் இதையே காட்டுங்கள்.

9. 'டீமன் ஸ்லேயர்' போன்ற புதிய தொடர்கள் சீசன் சீசனாக வருவதால் பட்டியல் தேவைப்படாது.

10. மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பட்டியலில் உள்ளதை மட்டும் முந்தின இரவே டவுன்லோட் செய்து, போனுக்கு முழு சார்ஜ் போட்டுவிடுங்கள்.