கல்யாண வீட்டில் ஒரு கிரிட்டிக்கல் பாத்

‘பெர்ட்’, ‘சி.பி.எம்.’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது வட்டமும் அம்புக்குறியும் போட்டு மார்க் வாங்குவதுதான். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் 1957-ல் சி.பி.எம். முறையும், அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-ல் பெர்ட் முறையும் உருவாயின. ஏவுகணைக்கும் நமக்கும் ரொம்ப தூரம். ஆனால் கல்யாணம் நம் எல்லோர் வீட்டிலும் நடக்கிறது.

என் அக்கா கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் காலை 7.30 முதல் 9.00 வரை. “நீதான் டிப்ளமோ படிக்கிறியே, ஒரு டைம் டேபிள் போட்டுக் குடுடா” என்றார் அப்பா. 4.00 மணிக்கு எழுந்திருப்பது, 4.30-க்குக் குளியல், 5.00-க்கு அலங்காரம் என்று மேலிருந்து கீழே எழுதி மண்டபத்துச் சுவரில் ஒட்டினேன். நடந்தது வேறு. மணி 8.40. மேடையில் மாப்பிள்ளை இருக்கிறார், ஐயர் இருக்கிறார், கூறைப்புடவை மாற்றப் போன அக்கா வரவில்லை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சம்பந்தி வீட்டுப் பெரியவர் அப்பாவைப் பார்க்கிறார். தாலி ஏறும்போது 8.56. தாலித் தட்டைச் சபை முழுக்க ஆசிக்குக் கொண்டுபோக நேரமில்லாமல் முன்வரிசையோடு திருப்பிவிட்டோம். அப்பாவுக்கு மத்தியானம் வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். என் முதல் தப்பு, விடியற்காலையிலிருந்து எண்ணியது. கல்யாணத்தில் நகராத நேரம் முகூர்த்தம் மட்டும்தான். அங்கேயிருந்து பின்னால் வர வேண்டும். ‘பேக்வர்ட் பாஸ்’ என்று படிக்கிறோமே, அதேதான்.

தாலி கட்டுவதை 8.30 என்று வையுங்கள். மிச்ச அரை மணி கையிருப்பு. அதை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் செலவாகிவிடும். சபையில் ஆசி வாங்க 15 நிமிடம், ஆக 8.15-க்குப் பெண் கூறைப்புடவையில் மேடைக்கு வந்தாக வேண்டும். புடவை மாற்ற 30, 7.45. அதற்கு முன் பெண்ணை உட்கார வைத்துச் சடங்கு செய்து புடவையைக் கொடுக்க 20, 7.25. மாப்பிள்ளைக்கு உண்டான சடங்கு 35. அவர் மேடை ஏற வேண்டிய கடைசி நேரம் 6.50. இன்னொரு பக்கம், 7.25-க்குப் பெண் தயாராக வேண்டும் என்றால், அலங்காரம் ஒன்றரை மணி, குளித்து இரண்டு இட்லி சாப்பிட அரை மணி, ஆக 5.25-க்கு மேல் தூங்க முடியாது. எங்கள் பக்கத்து வழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சடங்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

புடவை மாற்ற 30 நிமிடம் எங்கிருந்து வந்தது? யாரைக் கேட்டாலும் “கால் மணியில ரெடி” என்பார்கள். அது எல்லாம் சரியாக நடந்தால் ஆகிற நேரம். வழக்கமாக ஆவது 25. பின் தொலைந்து, ஜாக்கெட் ஹூக் அறுந்து, ஜடை அவிழ்ந்தால் 65. சூத்திரப்படி 15-ஐயும், 25-ன் நாலு மடங்கையும், 65-ஐயும் கூட்டி 6-ஆல் வகுத்தால் 30. அந்த 65-ஐ வாயால் சொல்ல யாருக்கும் மனசு வராது, அபசகுனமாம். அத்தைகளிடம் தனியாகக் கேட்டால் போன கல்யாணக் கதையைச் சொல்வார்கள். அதுவே நமக்கு டேட்டா.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்திருந்தேன். படத்தில் பெண் அலங்காரம், நாத்தனார் அலங்காரம், அம்மா கொண்டை எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்து அம்புகளாகப் போட்டிருந்தேன். ஒன்றாக நடக்கும் என்று நினைப்பு. செய்கிற கை ஒரே ஜோடி! தலைக்கு 20 நிமிடம் என்றாலும் மூன்று பேர் நடுவில் புகுந்தால் ஒரு மணி நேரம் போச்சு. அந்த அம்மாள் மேல் தப்பில்லை, அவரைப் பங்கு போட்டது நாங்கள். குளியலறையும் அப்படியே. பெண் வீட்டார் 22 பேர், அறை 2, ஆளுக்கு 8 நிமிடம் என்றால் 88 நிமிடம். அதனால் பெண் முதலில் குளித்துவிட வேண்டும், சித்தப்பா ஷேவிங் எல்லாம் அப்புறம். தாலி வைத்த பெட்டிச் சாவியும் ஒரே ஆளிடம் இருக்கும். அவர் காபி குடிக்கப் போனால் கிரிட்டிக்கல் பாத்தும் கூடவே போகும்.

வாசல் சந்தனம், தாம்பூலப் பை போன்றவற்றுக்கு ப்ளோட் தாராளம். அதற்காகக் கத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

தாலி ஏறியதும் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். 300 குடும்பம் மேடை ஏறி போட்டோ எடுத்துக்கொள்ள, ஒன்றுக்கு 20 விநாடி என்றாலே 100 நிமிடம். விடிய நாலு மணிக்குக் காபி குடித்த அக்கா, பதினொன்றரைக்குத்தான் இலையில் உட்கார்ந்தாள். சாப்பிட முடியவில்லை, தலைவலி. என் டைம் டேபிளில் சமையல்காரருக்குக் கூட டிபன் நேரம் இருந்தது, அவளுக்கு இல்லை.

சித்தி மகள் கல்யாணத்துக்கு மறுபடி படம் போட்டபோது தாலிக்கு அடுத்த அம்பிலேயே ‘பெண், மாப்பிள்ளை டிபன், 15 நிமிடம்’ என்று எழினேன். “ஜனங்க நிக்கிறாங்களேடா” என்று மாமா ஒரு சத்தம் போட்டார். ஜனங்க நின்றார்கள். இருவரும் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு மேடைக்கு வந்தார்கள்.