“கங்காணி” என்னுஞ் சொல்

ஒரு பதவிப் பெயரின் வரலாறு சில வேளைகளில் அப்பதவிக்குக் கீழ்ப்பட்டோரின் வரலாறாகவும் அமைவதுண்டு. அத்தகைய சொற்களுள் ஒன்றாகிய “கங்காணி” என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இதன் பழைய வடிவம் “கண்காணி” என்பதாம். கண் என்னும் பெயரோடு காண் என்னும் வினையடி சேர்ந்து, இகர விகுதி பெற்று, கண்ணாற் கண்டு மேற்பார்ப்பவன் எனப் பொருள் தந்தது. பேச்சு வழக்கிலே ணகரமெய், பின்வருங் ககரத்துக்கு இனமாகிய ஙகரமெய்யாகத் திரியவே, “கங்காணி” ஆயிற்று.

சோழர் காலக் கல்வெட்டுக்களிலே கோயிற் காரியங்களின் மேற்பார்வை “கண்காணி” எனக் குறிக்கப்படுகின்றது. திருமூலரோ திருமந்திரத்தில், எங்கும் கலந்து நின்று யாவற்றையுங் காணும் இறைவனையே இச்சொல்லாற் சுட்டினார். காண்பார் இல்லையென எண்ணிக் களவு செய்வோர்க்கு, அவன் இல்லாத இடமில்லை என உணர்த்துவதே அவர் கருத்து.

இத்துணை உயர்ந்த சொல் 19ஆம் நூற்றாண்டிலே இலங்கை மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் வேறொரு நிலையை எய்தியது. தமிழகக் கிராமங்களிலே முன்பணங் கொடுத்து ஆட்சேர்த்தவனும், அவர்களைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தவனும், அங்கே வேலை வாங்கியவனும் கங்காணியே. பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி எனப் படிகளும் எழுந்தன. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் கங்காணி நிலைத்தான்.

முன்பணமுஞ் செலவுங் கடனாக ஏறின. கடன் தீராத தொழிலாளி விரும்பியவாறு நீங்க இயலவில்லை. இன்ன தொகையைக் கொடுத்தால் இவர்கள் விடுவிக்கப்படுவர் என எழுதிய சீட்டுக்குத் “துண்டு” என்று பெயர். அதனைக் கொண்டே தொழிலாளர் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றப்பட்டனர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் இத்துண்டு முறையை ஒழித்தது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலும் பரவியிருந்த கங்காணி முறை, 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு அங்கு முடிவெய்தியது.

ஆயினும் சொல் அழியவில்லை. சிங்களத்திலும் அது புகுந்தது. ஆங்கில அகராதியிலும் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலே பொலிஸ் உயர் அதிகாரி ஒருவரைக் “காவல் கண்காணிப்பாளர்” என வழங்குதலில் பழைய மதிப்பு மீண்டும் விளங்குகின்றது.

ஆகவே, குற்றம் சொல்லினது அன்று. காணும் கண்ணினது என்க. காப்பதற்காகக் காண்பதும் கட்டிவைப்பதற்காகக் காண்பதும் ஒன்றல்ல. எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பிறரை மேற்பார்க்கும் பதவிகளில் அமர்ந்துள்ளனர். இன்றைய மாணவரும் நாளை அமர்வர். கண்காணிப்போனையுங் காணும் ஒரு கண்காணி உளன் என்னுந் திருமூலர் கருத்தை அவர்கள் மறவாதிருத்தல் நன்று.