புலிமுகச் சிலந்தியும் முற்றுப்பெறா ஆராய்ச்சியும்

உருவிற் பெரிய பிராணிகள் யாவற்றையும் விஞ்ஞானிகள் முற்ற அறிந்துவிட்டனர் என்று எண்ணுவார் பலர். கணுக்காலிகளுள் இரையைத் தாக்கி உண்ணும் பெரியனவாகிய சிலந்தி, தேள், மட்டத்தேள் என்பவற்றைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தாது. இதற்குச் சான்று தேடி அமேசன் காட்டுக்குச் செல்லவேண்டுவதில்லை, வன்னியிலேயே உண்டு.

நம்மவர் புலிமுகச் சிலந்தி என வழங்குவது பழைய மரப்பொந்துகளில் வாழ்வது. இது வலை விரித்துக் காத்திருப்பதன்று. இருள் வந்தபின் வெளிப்பட்டு இரையைப் பாய்ந்து பற்றும். இதன் இலங்கை இனமொன்றை இலத்திரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1804 ஆம் ஆண்டிலேயே விவரித்தார். ஆயினும், மாங்குளத்தில் வாழ்ந்த வேறோரினம் 2009 இல், ஊரவர் கொன்ற ஓர் ஆண் சிலந்தி ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தபோதே தெரியவந்தது. கால்களை விரித்தால் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் அகலமுடைய பிராணி அது! 2012 இல் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. இராமேசுவரத்தில் ஒரு கோயிலை அடுத்த சோலையிற் கண்டு 2004 இல் பெயரிடப்பட்ட மற்றோரினம் மன்னாரிலும் உண்டென்பது 2015 இலேதான் வெளியாயிற்று. பனியூழிக் காலத்திற் கடல்மட்டம் தாழ்ந்து இருகரையும் ஒரே நிலமாயிருந்ததை நினைப்பார்க்கு இது வியப்பன்று. இத்துணைக் காலம் ஒருவரும் தேடாமையே வியப்பு. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் வடபகுதிக் காடுகளில் ஆராய்ச்சி நடத்தல் அரிதாயிருந்தது மெய்யே. அதற்கு முற்பட்ட நூற்றாண்டுக்கு அக்காரணம் கூறவியலாது.

பெயரிடுதல் அறிதலின் முதற்படியே. நிகண்டிலே ஒரு சொல்லைக் கண்டவன் அதன் பொருளாழத்தை அறிந்தவனாகான் அன்றோ? ஒரு காட்டில் இவை எத்தனை உள, ஆண் இணைதேடி எவ்வளவு தொலைவு செல்லும், மரம் வெட்டப்பட்டால் எங்கே ஒதுங்கும் என்பன செவ்வனே அளந்து காணப்படாதவை. இவற்றின் வளர்ச்சி, தோலுரித்தல், இனப்பெருக்கம் பற்றி இன்று தெரிந்தவற்றுட் பெரும்பகுதி, மேனாடுகளிற் கண்ணாடிப் பெட்டிகளில் இவற்றை வளர்ப்போர் கண்டவையே. அவ்வளர்ப்புக்கான வாணிகத்தைக் கட்டுப்படுத்த வேண்டி 2019 இல் இச்சாதி முழுவதும் சருவதேச வர்த்தக உடன்படிக்கையிற் சேர்க்கப்பட்டது. நன்று, ஆனால் எண்ணிக்கை தெரியாத உயிரைக் காத்தோமா இல்லையா என்று எதனைக்கொண்டு கூறுவது?

அறியாமையின் விலை சில வேளை மனித உயிராகவும் இருக்கும். கரிய பெரிய நட்டுவக்காலியைக் கண்டு நடுங்குகிறோம். அதனினும் சிறிய செந்தேளே இருதயத்தைத் தாக்கிக் குழந்தைகளைக் கொல்லவல்லது. அதன் இலத்தீன் பெயரில் ‘தமுலுஸ்’ என நம்மினத்தின் பெயர் 1798 முதல் நிற்கிறது. அங்ஙனமிருந்தும், யாழ்ப்பாணத்தில் அது கொட்டி வருத்துகின்றது என்பது 2015 இல் வெளிவந்த மருத்துவ ஆராய்ச்சியாலேயே உறுதியாயிற்று. இனம் தெரியவே சிகிச்சைக்கும் வழி தெரிந்தது. மகாராட்டிரத்தில் மருத்துவர் பவஸ்கர் 1980களில் இரத்த அழுத்த மருந்தாகிய பிராசோசினை இத்தேளின் நஞ்சுக்குக் கொடுத்துப் பலரைப் பிழைப்பித்திருந்தார்.

புலிமுகச் சிலந்தி கடித்தால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் வருத்தும். எவரும் இறந்ததாக உறுதிப்பட்ட பதிவில்லை. ஆதலின், மாணவர்காள், வீட்டிலே அதனைக் கண்டால் தும்புத்தடியை எடுக்குமுன் எட்ட நின்று படமெடுங்கள். நாள், இடம், மரத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்துப் பல்கலைக்கழக விலங்கியற்றுறைக்கு அனுப்புங்கள். வன்னியிற் காணியுள்ள பழைய மாணவர்கள் பொந்துள்ள முதுமரங்களைத் தறிக்குமுன், ஓரிரவு விளக்குப் பிடித்துப் பார்ப்பாராக.